மஞ்சள் முடிச்சு

பட்ட காலிலே படும் என்று சும்மாவா சொன்னார்கள்? அச்சங்குளத்தில் அடைமழை. வெயில் இல்லாமல் பட்டாசு மருந்து காயாது. மருந்து காயாமல் கம்பெனியில் வேலை இல்லை. இசைவாணியின் அம்மாவுக்குக் கூலியும் இல்லை.

அந்த நேரத்தில்தான் பெட்டிக்கடையில் ஒரு ரூபாய் போட்டுப் பேசும் போனுக்குக் கீழே ஒரு மஞ்சள் துணி முடிச்சு கிடந்தது. இசைவாணி பிரித்துப் பார்த்தாள். ஒரு நாணயம், ஒரு நூறு ரூபாய்த் தாள். யாரோ இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்து முடிந்த காசு. அது தெரிந்தும் இடுப்பில் செருகிக்கொண்டு, திரும்பித் திரும்பிப் பார்த்தபடி வீட்டுக்கு ஓடினாள்.

வீட்டில் தம்பி காய்ச்சலில் அனத்திக்கொண்டிருந்தான்.

"காலையில நல்லாத்தான இருந்தான்" என்றாள் அம்மா. "டாக்டர்ட்ட தூக்கிட்டுப் போக கையில பைசா இல்லையே. நான் என்ன பாவம் செஞ்சேனோ."

இசைவாணி இடுப்பில் இருந்த முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள். பாவம் செய்தது அம்மா இல்லையே. சாமி காசை எடுத்ததால் வந்த காய்ச்சலுக்கு அந்தக் காசிலேயே மருந்து வாங்கினால் தம்பி என்ன ஆவான்? எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டால் காய்ச்சல் இறங்கிவிடும் என்று நினைத்து, திரும்ப ஓடினாள்.

வைத்துவிட்டு நாலு எட்டு நடப்பதற்குள் ஒரு பொடியன் அங்கே குனிந்தான்.

"ஏலே, தொடாதலே. எடுத்தா உங்க வீட்டுலயும் காய்ச்சல் வரும்."

அவன் ஓடியே போனான். இவளால்தான் போக முடியவில்லை. இன்னொரு பிள்ளை எடுத்துவிட்டால்? மழையில் நனைந்தபடி முடிச்சுக்குப் பக்கத்திலேயே குத்தவைத்துக் காவல் இருந்தாள். தம்பி பிழைக்கவே மாட்டான் என்று தோன்றத் தோன்ற அழுதாள்.

பொழுது சாயும்போது தரையைத் துழாவிக்கொண்டே ஒருத்தி வந்தாள். பக்கத்துத் தெரு வீரலட்சுமி அக்கா. அவள் கணவர் தீக்காயம் பட்டு மதுரை ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்.

"அக்கா, நான்தான் எடுத்தேன்" என்று முடிச்சை நீட்டினாள் இசைவாணி. "அதான் எங்க தம்பிக்குக் காய்ச்சல் வந்துருச்சு. இப்ப விட்டுருமாக்கா?"

"நாந்தான் போன் பேச வந்த எடத்துல தவற விட்டுட்டேன். ஆத்தாவே வேண்டாம்னுட்டாளேன்னு அழுதுக்கிட்டுக் கிடந்தேன்" என்றாள் அக்கா. "டாக்டர்ட்ட காட்டுனீகளா?"

"அம்மா கையில காசு இல்லக்கா" என்றாள் இசைவாணி.

அக்கா முடிச்சை அவிழ்த்து, நூறு ரூபாயை அவள் கையில் திணித்தாள்.

"சாமி காசுக்கா..."

"ஆத்தா காத்திருப்பா தாயி. காய்ச்சல் காத்திருக்காது."

நாணயத்தை மட்டும் மறுபடி முடிந்தாள். பாதியில் கை நின்றது.

"உன் தம்பி பேரு என்ன?"

"முனியராஜ்."

"எங்க வீட்டுக்காரரோட அவனுக்கும் சேத்து வேண்டிக்கிறேன்" என்று முடிச்சை இறுக்கினாள் அக்கா.

இசைவாணி தாளை நனையாமல் பொத்திக்கொண்டு ஓடினாள். இந்தமுறை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.