வெஸ்ஸலியின் சீவாளிப் பெட்டி

வியன்னாவில் எல்லோரும் நிலக்கரிக்கு வரிசையில் நின்ற காலம் அது. ஓய்வுபெற்ற காவல் ஆய்வாளர் ரோரிங்கரின் சமையலறையில், வாத்தியக் கடைக்காரரான அவருடைய மைத்துனர் ஹூபர்ட் கசகசா கேக்கை மென்றபடி பெருமை அடித்துக்கொண்டிருந்தார்.

"இந்தக் குளிர்காலம் வயலின் தந்தி வியாபாரம் பிச்சுக்கிட்டுப் போகுது அத்தான். நகர இசைக்குழுவுல தினம் ஒருத்தருக்காவது தந்தி அறுந்துடுது!"

கதவு தட்டப்பட்டது. வந்தவர் அதே குழுவின் முதல் ஓபோக்காரர் அலோய்ஸ் வெஸ்ஸலி; நாதஸ்வரம் போல நாணல் சீவாளி செருகி ஊதும் குழல் ஓபோ. தொப்பியில் பனி அப்படியே இருந்தது.

"என் சீவாளிப் பெட்டியைக் காணோம் ஐயா. ராத்திரி என் கடைசிக் கச்சேரி. சீவாளி இல்லாத ஓபோ வெறும் கட்டைதான். என் உதட்டுக்குன்னு நானே சீவினது, கடையில கிடைக்காது."

"எப்போ போச்சு?"

"காலை ஒத்திகை முடிஞ்சதும். கோட்டுப் பையில இருந்தது. கூட இருந்த வெள்ளி சிகரெட் டப்பாவை எவனும் தொடல. எல்லாம் அந்த ரெண்டாவது ஓபோ பிரென்னர் வேலை! என் நாற்காலி மேல கண்ணு."

"ஒத்திகையில சண்டை ஏதாவது?"

"சண்டையில்லை. இன்னிக்குப் பியானோ கச்சேரி; வாசிக்கிறவர் பனியில மாட்டி சாயங்காலம்தான் வர்றார். முதல் வயலின் லான்ஸ், 'பியானோவைத் தட்டியே சுருதி சேர்த்துக்கலாம், நீ சிரமப்படாதே'ன்னான். முப்பது வருஷமா இந்தக் குழுவுக்கு சுருதி கொடுக்கறவன் நான். பியானோவுலேர்ந்து வாங்கி நானே குடுப்பேன்னு சொல்லிட்டேன்."

ரோரிங்கர் கோட்டை மாட்டிக்கொண்டார்.

அரங்கில் பியானோ சுருதி திருத்தப்பட்டுத் தயாராக நின்றது. ரோரிங்கர் முதலில் பிரென்னரின் சீவாளியை வாங்கி, வெஸ்ஸலி கண்ணில் படாமல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு அவரையும் லான்ஸையும் வெஸ்ஸலியையும் மேடைக்கு அழைத்தார்.

"பிடிங்க அத்தான் இவனை!" என்று ஹூபர்ட் பிரென்னரைக் காட்டிக் கிசுகிசுத்தார்.

"சும்மா இரு. இவர் சீவாளி வழக்கத்தைவிடக் குட்டையா நறுக்கியிருக்கு. குட்டையானா சுருதி ஏறும். வயலின்காரங்களுக்குத் தந்தி அறுந்துக்கிட்டே இருக்கு. இழுத்துக் கட்டினாத்தானே அறும்? குழு மொத்தமும் இந்தக் குளிர்காலம் மேலே ஏறி வாசிக்குது. குழு யார் சுருதியைப் பிடிக்கும்?"

ரோரிங்கர் வெஸ்ஸலி பக்கம் திரும்பினார்.

"உதடு தளர்ந்தா ஓபோக்காரர் சீவாளியைக் குட்டையாக்குவார், ஊத சுலபம். காதும் பழகிடும். தந்தியை இழுத்துக் கட்டலாம், பியானோவை நினைச்ச மாத்திரத்துல ஏத்த முடியுமா? வெஸ்ஸலியைக் கேவலப்படுத்த நினைச்சவன் இன்னிக்குச் சும்மா இருந்தாலே போதும், ராத்திரி பியானோவே காட்டிக் குடுத்துடும். பெட்டியை எடுத்தவன், அவமானம் வேண்டாம்னு நினைச்சவன். பியானோவைத் தட்டியே சேர்த்துக்கலாம்னு காலையில சொன்னவரும் அதுக்குத்தான் சொன்னார். லான்ஸ், பெட்டியைக் குடுங்க."

லான்ஸ் தலை குனிந்தபடி, உள்பையிலிருந்து பெட்டியை எடுத்து நீட்டினார்.

வெஸ்ஸலிக்கு நம்பிக்கை வரவில்லை. சீவாளியை நனைத்துப் பொருத்தி ஊதினார். ரோரிங்கர் பியானோவில் அதே ஸ்வரத்தைத் தட்டினார். இரண்டும் சேராமல் உரசின. வெஸ்ஸலி உதட்டைத் தளர்த்தி மறுபடி ஊதினார். சுருதி இறங்கவில்லை. ஓபோவை மடியில் வைத்துக்கொண்டார்.

"குளிர்காலம் பூராவுமா? எல்லாருமா?"

"நீ குடுத்ததுதான்டா சுருதி," என்றார் லான்ஸ். "வேற எதைப் பிடிக்கச் சொல்றே?"

வெஸ்ஸலி காலி நாற்காலிகளை வெகுநேரம் பார்த்தார். போரில் அரங்கின் கூரை போன பிறகு, கோட்டோடும் கையுறையோடும் வாசித்த முதல் கச்சேரியில் அத்தனை நாற்காலியும் அவருடைய ஒற்றை ஸ்வரத்துக்காகக் காத்திருந்தது நினைவில் வந்திருக்கலாம்.

"பிரென்னர், பழைய நீளத்துல சீவாளி வெச்சிருக்கியா?"

"இருக்கு ஐயா. உங்களுக்குக் கடினமா இருக்கும்."

"ஒரு ராத்திரிதானே, தாங்கும். ரெண்டு குடு. உன் மேல பழி போட்டேன், மனசுல வெச்சுக்காதே. இன்னிக்கு சுருதி நீ குடு, நான் வாங்கிக்கிறேன்."

அன்று இரவு ரோரிங்கரும் ஹூபர்ட்டும் மேல்மாடத்தில் நெருக்கியடித்து நின்றார்கள். பியானோ ஒருமுறை ஒலித்தது. பிரென்னர் அதை வாங்கி ஊதினார். வயலின்கள் இம்மி இறங்கி வந்தன. எல்லோருக்கும் கடைசியாக, கண்ணை மூடியபடி, வெஸ்ஸலி சேர்ந்துகொண்டார்.

"யார் குடுத்தா என்ன அத்தான்," என்று ஹூபர்ட் முணுமுணுத்தார். "எனக்கு ஒரே மாதிரிதான் கேக்குது."

"அப்படிக் கேக்கணும்னுதான் இத்தனை பேர் இத்தனை நாள் பாடுபட்டாங்க," என்றார் ரோரிங்கர்.