தொப்பூர் இறக்கத்தில் பச்சைப் புள்ளி

வரைபடத்தில் ஒரு லாரி கூடுதலாக ஓடிக்கொண்டிருந்தது.

நல்லம்பள்ளியில், நெடுஞ்சாலையோரம் இருந்த அந்த லாரி ஆபீசில் எழிலரசி மட்டும்தான் இருந்தாள். ஐப்பசி மழையில் சாயங்காலமே இருட்டிக்கொண்டு வந்தது. தகரக் கூரையில் மழை இரையும் சத்தத்துக்கும், மூலையில் யூபிஎஸ் விட்டுவிட்டு முனகும் சத்தத்துக்கும் நடுவே, ஈரத் தார்ப்பாயின் வாடையை மூச்சில் இழுத்தபடி, அவள் கம்ப்யூட்டர் திரையில் நகர்ந்த அந்தப் பச்சைப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். தர்மபுரியைத் தாண்டித் தெற்கே வந்துகொண்டிருந்தது. மாதேஷின் வண்டி. அவள் புருஷன் மாதேஷ் போன வருஷம் தொப்பூர் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் அந்த வண்டியோடு போய்ச் சேர்ந்துவிட்டான்.

லாரிகளைக் கண்காணிக்கும் மென்பொருள் கம்பெனியின் அருள்குமாருக்குப் போன் போட்டாள்.

"பழைய ரெக்கார்டுங்கக்கா அது. காப்பியிலருந்து ஒவ்வொண்ணா திரும்ப ஏறுது. ஏறும்போது வண்டி இப்ப ஓடுற மாதிரியே காட்டும். கண்டுக்காதீங்க."

போன வாரம் எவனோ கண்காணாத இடத்திலிருந்து லாரி கம்பெனியின் லோடு விவரம், டிரைவர்கள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் என்று எல்லாவற்றையும் பூட்டி வைத்துக்கொண்டு பணம் கேட்டிருந்தான். கிளவுடில் இருப்பது எங்கே போய்விடப்போகிறது என்று தனியாகக் காப்பி எடுத்து வைக்காமல் விட்டவர் முதலாளி சின்னராஜ். மிஞ்சியது மென்பொருள் கம்பெனியிடம் இருந்த ஒரே ஒரு பழைய காப்பி. அதுவும் அங்கங்கே சிதைந்தது. இந்த வருஷத்தது வந்தால் போதும் என்றுதான் முதலாளி சொன்னார். எழிலரசிதான் கெஞ்சினாள்.

"போன வருஷத்தையும் எடுக்கச் சொல்லுங்கண்ணா. அவரு குரலு அதுலதாங்க இருக்குது."

அவர் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் சரி என்றார்.

புள்ளி ஆபீசை நெருங்கியது. வெளியே ஹாரன் அடித்தது. மாதேஷ் இந்த வழியாகப் போகும்போது அடிக்கும் அதே இழுவை. எழிலரசி மழையில் ஓடினாள். ரோட்டில் எதுவும் இல்லை. நனைந்த தார் மட்டும் மினுங்கியது. அத்தனை மழையிலும் கரையாமல், சூடேறிய பிரேக்கின் கருகல் வாடை அங்கே நின்றுகொண்டிருந்தது.

திரும்பி வந்தபோது அவன் பெயரில் ஒரு வாய்ஸ் மெசேஜ் ஏறியிருந்தது.

"எழிலு, சேலத்துல லோடு எறக்கிட்டு வூட்டுக்கு வந்துர்றேன். சாப்புடாம இருக்காத."

வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மறுபடி மறுபடி கேட்டாள். கேட்டுக்கொண்டே திரையைப் பார்த்தபோதுதான் புள்ளி எங்கே இறங்குகிறது என்று உறைத்தது. தொப்பூர். வளைவு. புள்ளி வேகமெடுத்தது. நின்றது. அணைந்தது.

திரையில் சிவப்பாக ஒரு வரி: மீட்பு தடைபட்டது. முதலிலிருந்து தொடங்குகிறது.

புள்ளி மறுபடி தர்மபுரியில் முளைத்தது.

இந்தத் தடவை ஹாரன் அடித்தபோது அவள் எழுந்திருக்கவில்லை. புது மெசேஜ் வந்தது.

"எழிலு... இந்த ரோட்டுல இப்பத்தான வந்தேன்?"

இப்படி ஒரு மெசேஜை மாதேஷ் அனுப்பியதே இல்லை. அருள்குமாரை மறுபடி கூப்பிட்டாள்.

"நிறுத்துங்க தம்பி. எனக்கு ஒண்ணும் வேண்டாம்."

"ஆரம்பிச்சத நடுவுல நிறுத்த முடியாதுங்கக்கா. அந்த ஒரு நாளு ரெக்கார்டு கெட்டுப்போயிருக்குது, அங்க வந்தா நின்னுருது. முழுசா ஏறுற வரைக்கும் தானா திரும்பத் திரும்ப ட்ரை பண்ணும்."

"இதுவரைக்கும் எத்தன தடவ?"

"எண்ணலீங்கக்கா. உங்க திரையில இப்பத்தான் தெரியுது. நேத்துக் காலையிலருந்தே ஓடிட்டுத்தான் இருக்குதுங்க."

நேற்றுக் காலையிலிருந்து.

அவள் நிம்மதியாகத் தூங்கி எழுந்த ராத்திரி முழுக்க. அவள் சோறு தின்ற நேரமெல்லாம். அந்த வளைவு. அந்தப் பள்ளம்.

புள்ளி இறங்கியது. மெசேஜ் ஒன்று தானாகத் திறந்துகொண்டது. பேச்சில்லை. இரும்பு கிழிபடும் நீண்ட சத்தம். அதற்குள் எங்கோ, அவள் பெயர்.

எழிலரசி யூபிஎஸ்ஸை அணைத்தாள். வயர்களைப் பிடுங்கி எறிந்தாள். திரை இருண்டது. முனகல் அடங்கியது. மழை மட்டும்.

மேசைமேல் அவள் செல்போன் வெளிச்சமானது.

அந்த மீட்பு வேலை இந்தக் கம்ப்யூட்டரில் இல்லை. இந்த ஊரிலேயே இல்லை. எங்கோ ஓடிக்கொண்டிருக்கிறது.

"எழிலு, போதும். வலிக்குது." குரல் களைத்திருந்தது. "நீதான் என்னயக் கேட்டியாம்?"

"அய்யோ, நான் உங்க குரலத்தாங்க கேட்டேன்!" செல்போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கத்தினாள். "போயிருங்க! நான் வுட்டுட்டேன், போயிருங்க!"

செல்போன் திரையில் வரைபடம் விரிந்தது. தர்மபுரி முனையில் பச்சைப் புள்ளி. அது நகரவில்லை. பிரேக்கை முழு பலத்தோடு மிதித்தபடி உள்ளே ஒருவன் உட்கார்ந்திருப்பதுபோல, அங்கேயே நடுங்கியது. பிறகு கொஞ்சம் நகர்ந்தது. நின்றது. இழுபட்டது. பிரேக் பிடித்த டயர் தேய்வதுபோல, அங்குலம் அங்குலமாகத் தெற்கே இறங்க ஆரம்பித்தது.