பச்சையம் என்பதன் பொருள்

நகர மருத்துவமனை வாசலில் இருந்த வகைப்பொறி பால்வண்ணனைத் தாவரம் என்று சொல்லிவிட்டது.

"இன்னொரு தடவை பாக்கச் சொல்லுங்க," என்றாள் அவன் மனைவி வடிவு. செவிலி பெர்னதெத் தள்ளுகட்டிலைப் பின்னுக்கு இழுத்து மறுபடி பொறியின் முன்னால் நிறுத்தினாள். அது அதே மரியாதையான குரலில், "பச்சையம் உள்ளது. வகை: தாவரம். வேளாண் துறைக்குக் கொண்டுசெல்லவும்," என்றது. கதவு திறக்கவில்லை.

பால்வண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தான். குடல்வால் எந்த நேரமும் வெடிக்கலாம் என்று சொல்லித்தான் சின்ன ஆஸ்பத்திரியில் இங்கே அனுப்பியிருந்தார்கள். பெயருக்கும் ஆளுக்கும் சம்பந்தமே இல்லாமல் அவன் நெற்றி முதல் பாதம் வரை இளம்பச்சையாக இருந்தான். அவன் வேலை பார்க்கும் உப்பளத்தில் பாதிப் பேர் இப்போது இந்த நிறம்தான். தோலுக்கடியில் பச்சையம் ஏற்றிக்கொண்டால் வெயிலே பாதி வயிற்றை நிரப்பிவிடும். ஏற்றிக்கொண்ட புதிதில் அவன் சட்டையைக் கழற்றிவிட்டு, "சாப்பிட்டுட்டு வாரேன்," என்று மொட்டைமாடிக்குப் போய் வடிவைக் கிண்டலடிப்பான். அவளையும் ஏற்றிக்கொள்ளச் சொல்லி நச்சரித்தான். தனக்குச் சோறுதான் இறங்கும் என்று அவள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

"இந்தப் பொறி இன்னைக்குக் காலையிலதான்க்கா வந்துச்சு," என்றாள் பெர்னதெத். "அது சொன்னாத்தான் கதவு திறக்கும். எல்லாத்துக்கும் அரசு அகராதியத்தான் பாக்குமாம்."

வடிவுக்குப் பகீரென்றது. அரசுச் சொல் நிலையத்தில் பகர வரிசை முழுவதும் அவள் பொறுப்பு. 'பச்சையம்: தாவரங்களுக்கு உரிய பச்சை நிறமி' என்று எழுதியதே அவள்தான்.

ஊரில் அந்தச் சொல் எப்போதோ அகராதியை விட்டு இறங்கிப் போயிருந்தது. நிறம் ஏற்றிக்கொண்டவர்களையே பச்சையம் என்றார்கள். "ரெண்டு பச்சையம் வந்தாப் போதும், லாரியை ஏத்திரலாம்," என்றார்கள் மேஸ்திரிகள். வெயிலில் சும்மா உட்கார்ந்திருப்பவனைப் பார்த்து, "உனக்கென்ன பச்சையமா ஓடுது?" என்று திட்டினார்கள். இதையெல்லாம் அகராதியில் சேர்க்கச் சொல்லி வந்த மனுக்களை வடிவு ஒன்று விடாமல் திருப்பி அனுப்பியிருந்தாள். பச்சைப்பிள்ளை, பச்சைப்பொய், பச்சைத்தண்ணீர் என்று பச்சையை ஊர் இழுத்த இழுப்பு போதாதா? இவற்றில் எதிலாவது நிறம் இருக்கிறதா? பச்சையமாவது ஒழுங்காக இருந்துவிட்டுப் போகட்டும் என்பது அவள் பிடிவாதம்.

அந்தப் பிடிவாதம் இப்போது கட்டிலில் கிடந்து முனகியது. அவளுக்குத் தன் மீதே எரிச்சலாக வந்தது. அகராதியைத் திருத்தும் கைப்பலகையை எடுத்து முகத்தைக் காட்டினாள். "பதிப்பாசிரியர் வடிவு. மனிதர். திருத்த அனுமதி உண்டு," என்றது பலகை. யோசிக்க நேரமில்லை. இருந்த வரியிலேயே ஒரு சொல்லைச் செருகினாள். 'பச்சையம்: தாவரங்களுக்கும் மனிதர்களுக்கும் உரிய பச்சை நிறமி.'

வகைப்பொறி ஒரு கணம் தயங்கியது. "பச்சையம் உள்ளது. வேர் இல்லை. வகை: மனிதர்," என்று கதவைத் திறந்தது.

அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. இனி பயமில்லை, கண் விழித்ததும் பேசலாம் என்றார் டாக்டர். வடிவுக்கு அதன் பிறகுதான் பசி தெரிந்தது. பெர்னதெத்தும் டீ குடிக்கக் கிளம்பியதால் இருவருமாக எதிர்க்கடைக்குப் போய்விட்டுத் திரும்பினார்கள்.

"பச்சையம் இல்லை. வேர் இல்லை. வகை: பொருள்," என்றது வகைப்பொறி.

"பொருளா? யாரு, நானா?" என்றாள் பெர்னதெத். அவளுக்கும் அதே பதில் கிடைத்தது. "அக்கா, நீங்க அப்படி என்னதான் எழுதுனீங்க?"

"உரியன்னு எழுதுனேன்."

"அதுல என்ன தப்பு?"

"நாம படிச்சா ஒரு தப்பும் இல்ல."

மனிதருக்கு உரியது என்றால் மனிதரிடம் இருக்கக்கூடியது என்று வடிவு நினைத்திருந்தாள். இருந்தே தீர வேண்டியது என்று பொறி எடுத்துக்கொண்டது. அவசரமாகக் கைப்பலகையைத் திறந்தாள். "திருத்த மனிதருக்கு மட்டுமே அனுமதி," என்று அது அவள் முகத்துக்கு நேரே சொன்னது.

உள்ளே ஒலிபெருக்கி அறிவித்தது: "வாசலில் கேட்பாரற்ற பொருள்கள் இரண்டு. ஒன்று நீலச் சேலை சுற்றியது. உரியவர் வந்து பெற்றுக்கொள்ளவும்."

பால்வண்ணன் அப்போதுதான் கண் விழித்திருந்தான். நீலச் சேலை என்றதும் சக்கர நாற்காலியில் கண்ணாடிக் கதவு வரை தள்ளிவரச் சொன்னான். வெளியே நின்ற வடிவைப் பார்த்துச் சிரிக்கப் போய், தையல் இழுத்து முகத்தைச் சுளித்தான்.

"இந்தப் பொருள் யாருக்கு உரியது?" என்று கேட்டது பொறி.

"பொருள் இல்லய்யா, அவ என் பொண்டாட்டி. மனுஷி."

"பச்சையம் இல்லை. இந்தப் பொருள் யாருக்கு உரியது?"

இரண்டு முறை மறுத்துப் பார்த்துவிட்டு அவன் வடிவைப் பார்த்தான். அவளுக்கு அவமானத்தில் காது சூடேறியது. இருந்தாலும் கண்ணாடிக்கு அருகே வந்து, "உங்களுக்கு உரியதுன்னு சொல்லிருங்க," என்றாள்.

சொன்னான். கதவு அவளை மட்டும் உள்ளே விட்டது. பெர்னதெத் வெளியிலேயே நின்றாள்.

வடிவு கைப்பலகையை அவனிடம் கொடுத்தாள். "பலகை என் பேர்லதான் இருக்கு, மனுஷ முகம்தான் கேக்குது. நீங்க காட்டுனா திறக்கும். நான் சொல்லச் சொல்ல நீங்க சொல்லுங்க." அவன் பச்சை முகத்தைக் கண்டதும் பலகை பணிவாகத் திறந்துகொண்டது.

"பச்சையம்னா, சில உயிர்கள்ள காணப்படுகிற..." என்று வடிவு தொடங்கினாள்.

"பொருள் சொல்ல மனிதருக்கு மட்டுமே உரிமை," என்று பலகை அவளை நிறுத்தியது. பிறகு அவன் பக்கம் திரும்பியது போலக் குரலைத் தணித்துக் கேட்டது: "பச்சையம் என்பதன் பொருள் என்ன?"

பால்வண்ணன் பிறந்ததிலிருந்து அகராதியைத் தொட்டவனில்லை. மயக்க மருந்தும் முழுதாக இறங்கவில்லை. வடிவு வேண்டாம் என்று கையை ஆட்டுவதை அவன் கவனிக்கவில்லை. உப்பளத்தில் எல்லோரும் சொல்வதைத்தான் சொன்னான்.

"பச்சையம்னா வேற யாரு? நாங்கதான்."

"பதிவு செய்யப்பட்டது. பச்சையம்: மனிதர்," என்றது பலகை.