இரவல் இருமல்

பெட்டி அந்தப் பெயரை முதன்முதலில் சொன்னபோது எடித் குசினியில் மிளகாய்த்தூளை எண்ணெயில் போட்டுக் கிளறிக்கொண்டிருந்தாள். காரம் தொண்டையில் ஏறி ஓர் இருமல் வந்தது. பெரிதாக ஒன்றுமில்லை, வறட்டு இருமல், ஒரேயொரு தரம். முன்னறை அலுமாரிக்கு மேல் இருந்த பெட்டி, சவர்க்காரக்கட்டி அளவான வெள்ளைப் பெட்டி, பச்சை வெளிச்சத்தை ஒருமுறை மின்னிவிட்டு, செய்தி வாசிக்கிற பெண்ணின் குரலில், இந்தியத் தமிழில் சொன்னது:

“லூசியா.”

அகப்பை அவள் கையிலேயே நின்றது. மைமல் நேரம், வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. வெளியே கச்சான் காற்று உப்புக்குளத்துக் கூரைத் தகரங்களை ஒவ்வொன்றாகப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. யன்னலை எவ்வளவு இறுக்கிச் சாத்தினாலும் எப்படியோ புகுந்துவிடுகிற அந்தப் பொடி மணல், மேசையில், தலையணையில், பல்லுக்கிடையில்கூட நறநறவென்று கிடந்தது. பக்கத்து வீட்டில் செபமாலை தொடங்கியிருந்தார்கள்.

“அம்மா, லூசியா ஆர்?” முன்னறையில் கழுதைப் படம் ஒன்றுக்கு நீல நிறம் தீட்டிக்கொண்டிருந்த ஷரோனி தலை நிமிராமலே கேட்டாள்.

“ஒருத்தருமில்லை. நீங்கள் கீறுங்கோ, பிள்ளை.”

ஒருத்தருமில்லை என்று சொன்ன வாயை அவளுக்கு அடிக்க வேண்டும்போல் இருந்தது.

கொழும்பிலிருந்து வந்த ஆய்வுக் குழு ஒன்றின் சாமான் அந்தப் பெட்டி. ஒருவர் இருமுகிற சத்தத்தை மட்டும் கேட்டே, அவர் நெஞ்சுக்குள் காசநோய் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடும் செயற்கை அறிவு ஒன்றை அவர்கள் பழக்கிக்கொண்டிருந்தார்கள். முதலில் எல்லாம் போனில்தான் நடந்தது. எடித் ஸ்கூட்டியில் வீடு வீடாகப் போவாள், போனை வாய்க்கு நேரே பிடிப்பாள், “கொஞ்சம் இருமுங்கோ பாப்பம்” என்பாள். சனம் சிரித்துச் சிரித்து இருமும். இனிமேல் அந்த வேலையும் இல்லை. பெட்டியை வீட்டில் வைத்துவிட்டால், அதுவே இராப்பகலாய்க் காது கொடுத்துக் கேட்டு, போனில் பதிந்த பழைய இருமல்களோடும் ஒப்பிட்டு, இன்னார் இருமினார் என்று பிரித்துக்கொள்ளும். சனத்திடம் கொடுக்குமுன் களப்பணியாளர் ஒவ்வொருவரும் தங்கள் வீட்டில் வைத்துச் சோதிக்க வேண்டும் என்று உத்தரவு. சோதனையில் இருக்கும்வரை அது பெயரை வாய்விட்டுச் சொல்லும்.

நேற்றிரவு வின்சன்ட் மேடையேறிய அரசியல்வாதி மாதிரிச் செருமிச் செருமித் தன் இருமலைப் பதிந்தான். ஷரோனி கிச்சுக்கிச்சு மூட்டியது போலச் சிரித்துக்கொண்டே பதிந்தாள். “நீரும் இருமுமன்,” என்று மனைவியைக் கூப்பிட்டான். எடித் பிறகு பார்ப்போம் என்று விட்டுவிட்டாள். விடியவே வின்சன்ட் வாடகைக்கு ஓடுகிற தன் ஹயேஸ் வானில் ஆட்களை ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போய்விட்டான்.

ஏன் பிறகு என்று சொன்னாள் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

லூசியா தாழ்வுபாட்டுக்கு அப்பால், மீன் காயவைக்கிற வாடி ஒன்றில், கடற்கரை ஓலைக் கொட்டிலில் இருந்தவள். புருசன் கடலோடு போனபின் அவளுக்கு மிச்சம் ஒரு பெண்பிள்ளை. ஷரோனியின் வயதுதான் இருக்கும். எடித் முதல் தரம் போனபோது பிள்ளை பாயில் படுத்திருந்தது, லூசியா பக்கத்தில் குந்தியிருந்து அதன் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள். விரல் இடுக்குகளில் கருவாட்டு உப்பு வெள்ளையாகக் காய்ந்திருந்தது. இருமச் சொன்னதும் இருமினாள். குட்டிக் குட்டியாகச் சில இருமல், பிறகு ஈரமாய் ஒரு நீண்ட இழுப்பு, வற்றிய கிணற்றில் வாளி அடிமணலை உரசுவது போல. அவ்வளவு இருமலுக்கும் தட்டுகிற கை நிற்கவில்லை.

“கச்சான் நிண்டா இதுவும் நிண்டிடும், மிஸ்,” என்றாள். “இந்தக் காத்துக்கு எங்கட வாடியில ஆர் இருமாமக் கிடக்கினம்?”

எடித்தும் அதைத்தான் நம்பினாள். கச்சான் காலத்தில் மன்னாரில் இருமாமல் திரிகிறவன் ஊருக்குப் புதிதாக வந்தவனாகத்தான் இருப்பான். ஆனால் போன் அந்த இருமலை வாங்கவில்லை. காற்றிரைச்சல் அதிகம், மீண்டும் பதியவும் என்றது. திரும்பப் போனாள், திரும்பவும் அதே கதை. அதற்குப் பிறகும் அந்த மணலுக்குள் ஸ்கூட்டியை உருட்டிக்கொண்டு போக அவளுக்கு மனம் வரவில்லை. வீட்டு யன்னல்களைச் சாத்திவிட்டு, லூசியாவின் பெயருக்கு நேரே, தன் தொண்டையால், சுத்தமாக, வறட்சியாக இருமி அனுப்பிவிட்டாள். அடுத்த கிழமைகளிலும் அப்படியே. ஒவ்வொரு தரமும் பச்சை வந்தது.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. போன் எடுத்து, “மெசின் உங்களுக்கு ஒண்டுமில்லை எண்டு சொல்லிப்போட்டுது, அக்கா. ஆஸ்பத்திரிக்கு அலையாதேங்கோ,” என்று வேறு சொன்னாள். லூசியா அழுதாள். நன்றிக்கு பஸ் கொண்டக்டரிடம் ஒரு பொதி கட்டாக் கருவாடு கொடுத்துவிட்டாள். வீட்டில் மூவரும் அதைப் பொரித்துச் சொதியோடு சாப்பிட்டார்கள்.

கச்சான் இன்னும் முடியவில்லை, போன மாதமே லூசியா முடிந்துபோனாள். வாயால் இரத்தம் வந்ததாம். பிள்ளையைக் கன்னியர் மடத்தில் சேர்த்திருக்கிறார்கள். சவக்காலையில் அந்தப் பிள்ளை தாயின் சவப்பெட்டியைத் தட்டிக்கொண்டு நின்றதை எடித் பார்த்தாள். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்குவதில்லை. நான்தான் கொன்றேன் என்று எவரிடமாவது சொன்னால் இறங்கும் என்று தெரியும். சொல்லவில்லை. சொன்னால் வேலை போகும், ஊர் காறித் துப்பும், ஷரோனி பள்ளிக்கூடத்தில் தலை நிமிர முடியாது.

இப்போது பெட்டி சொல்கிறது. சொல்லாமல் என்ன செய்யும், என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள். தன் இருமலை லூசியா என்று அதற்குச் சொல்லிக் கொடுத்ததே அவள்தானே. கதிரையில் ஏறிப் பெட்டியின் பொத்தானை அழுத்தி, தன் பெயரைச் சொல்லி, வலிந்து இருமினாள்.

“இந்த இருமல் ஏற்கெனவே பதிவாகியுள்ளது. லூசியா,” என்றது பெட்டி. “எடித் என்ற பெயர் காலியாக உள்ளது.”

கதிரையிலிருந்து கீழே இறங்கினாள். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. ஆய்வுக்குப் பொறுப்பான சீவரத்தினம். நானாட்டான் ஊர் ஆள், குரல் உயர்த்தத் தெரியாத மனுசன்.

“எடித், குறை நினைக்காதேங்கோ. அந்தத் தாழ்வுபாட்டு மனுசி விசயம். அவவின்ர பதிவுகளைக் கேட்ட டொக்டர், இது நோயாளி ஒருத்தற்ற இருமலே இல்லை எண்டுறார். நீங்கள் நேர போய்த்தானே எடுத்தனீங்கள்?”

வாய் திறந்தாள். சொல்லிவிடலாம். இதோ, நாக்கு நுனியில் நிற்கிறது. ஷரோனி நீலக் கழுதைக்கு வால் கீறிக்கொண்டிருந்தாள்.

“ஓம், சேர். நேர போய்த்தான்.”

“அப்ப சரி. மெசின்தான் பிழைவிட்டிருக்கு. அதையே எழுதி அனுப்பிறன்.”

போனை வைத்தாள். வெளியே, மதிலோரம், யாரோ இருமினார்கள்.

கழுதை என்றுதான் முதலில் நினைத்தாள். இந்தக் காற்றில் கழுதைகள் மதிலோடு ஒட்டி நின்று முதுகு தேய்ப்பதும், மூக்கால் மணலைச் சீறுவதும் ஊரறிந்த கதை. யன்னல் சீலையை விலக்கிப் பார்த்தாள். தெரு வெறுமையாகக் கிடந்தது. சந்தி விளக்கின் கீழே மணல் மட்டும் பாம்பாக ஊர்ந்து போனது. கழுதைகள் எல்லாம் தூரத்தில், எதிர்ப்பக்கத்து மதிலடியில், ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நின்றன. எல்லாம் இவள் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தன.

ஷரோனிக்குச் சோற்றைத் தீத்தி, அறைக்குள் கூட்டிக்கொண்டு போய், நுளம்பு வலைக்குள் படுக்கவைத்தாள். பிள்ளை படுத்ததும் நித்திரையாகிவிட்டது. கோப்பையைக் கழுவக் குசினிக்கு வந்தபோது கருவாடு மணத்தது. வீட்டில் கருவாடு இல்லை. அந்தப் பொதிக்குப் பிறகு அவள் வாங்கவேயில்லை. மணம் குசினியிலிருந்து வரவில்லை. முன்னறையிலிருந்து, வெயிலில் பாதி காய்ந்த, உள்ளே இன்னும் ஈரம் கிடக்கிற கருவாட்டின் மணம், மெதுவாக, ஆள் நடக்கிற வேகத்தில் வந்தது.

அப்போது கரண்ட் போனது.

பக்கத்து வீட்டுச் செபமாலை நின்றுவிட்டது. காற்றும்கூட ஒரு கணம் மூச்சைப் பிடித்தது போல அடங்கியது. பெட்டிக்குப் பற்றரி உண்டு. இருட்டில் அதன் பச்சைப் பொட்டு மட்டும் தெரிந்தது.

இருமல்.

வீட்டுக்குள்ளே. குட்டிக் குட்டியாகச் சில. பிறகு அந்த ஈரமான இழுப்பு. வாளி, அடிமணல்.

பச்சை மின்னியது. “புதிய இருமல்,” என்றது பெட்டி, பணிவாக. “பெயரைச் சொல்லவும்.”

எடித் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். மூச்சு விடவில்லை. சொல்லக் கூடாது, எதுவும் சொல்லக் கூடாது. தாயே, மருதமடு மாதாவே. முன்னறையில் ஏதோ முணுமுணுத்தது. மணல் சரிகிற சத்தம் மாதிரி. ஒரு சொல்தான். அவளுக்கு விளங்கவில்லை.

பெட்டிக்கு விளங்கியது.

“பதிவு செய்யப்பட்டது. நன்றி.”

“அக்கா,” என்றாள் எடித். “அக்கா, நான் செய்தது பிழை. நாளைக்கே சேரிட்டச் சொல்லுறன். எல்லாருக்கும் சொல்லுறன். என்னை என்ன வேணுமெண்டாலும் செய்யுங்கோ. பிள்ளையை விடுங்கோ.”

கருவாட்டு மணம் அவளைக் கடந்து போனது. அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை. அறைப் பக்கமாகப் போனது.

ஷரோனி.

ஓடினாள். கதிரை காலில் இடறியது. மேசையில் கை துழாவியது. போன். எங்கே போன். கிடைத்தது. விளக்கு. அறை வாசல். நிலையைப் பிடித்துக்கொண்டு வெளிச்சத்தை உள்ளே பிடித்தாள்.

நுளம்பு வலை வெள்ளையாகத் தொங்கியது. அதற்குள் ஷரோனி, சுவர்ப் பக்கம் முகம். அவளுக்குப் பின்னால் இன்னொரு உருவம். ஒருக்களித்து, பிள்ளையை அணைத்து. எடித் வழக்கமாகப் படுக்கிற இடத்தில். எடித் வழக்கமாகப் படுக்கிற மாதிரி.

அது இருமியது.

“எடித்,” என்றது முன்னறையிலிருந்து பெட்டி.

ஷரோனி புரண்டாள். கண் விழித்தாள். வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கி, வாசலில் நிற்பவளைப் பார்த்தாள். அப்படியே பார்த்தாள். பிறகு முகத்தை மற்றவளின் நெஞ்சுக்குள் புதைத்துக்கொண்டு, நடுங்குகிற குரலில் சொன்னாள்:

“அம்மா, வாசல்ல ஆரோ ஒரு மனுசி நிக்கிறா.”

பிள்ளை, நான்தான், அம்மா. சொல்ல வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை. இருமல் வந்தது. குட்டிக் குட்டியாக. பிறகு அடிவயிற்றிலிருந்து, ஈரமாக, நீளமாக. பொத்திய கை சூடாக நனைந்தது. வாயெல்லாம் உப்பு.

“லூசியா,” என்றது பெட்டி.

வலைக்குள், விரல் இடுக்குகளில் உப்பு வெள்ளையாகக் காய்ந்திருந்த கை ஒன்று, ஷரோனியின் முதுகை மெல்ல மெல்லத் தட்டத் தொடங்கியது.