பதினேழாம் எண் கொடிக்கால்

கோச்சடையில் அகிலாண்டத்தின் வீட்டு வாசலில் அழைப்பு மணி கண்ணுக்கு நேராகத்தான் இருந்தது. அது கண்ணிலேயே படாமல் ராஜஸ்ரீ உள்ளங்கையால் கதவைத் தட்டிக்கொண்டு நின்றாள். திறந்தவர் செல்வக்குமார். ஆரப்பாளையம் பேருந்து நிலையத்துக்கு எதிரே கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். பக்கத்து வீட்டு அகிலாண்டத்திடம் ஒரு வழக்கு வந்தது என்று தெரிந்தால் போதும், கடைக்குப் பூட்டைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்துவிடுவார். இந்த ஆர்வத்தில் பாதியைத் தொழிலில் காட்டியிருந்தால் இந்நேரம் இரண்டு கடை ஆகியிருக்கும்.

“உள்ள வாங்க மேடம். என்ன காணாமப் போச்சு?” என்றார் செல்வக்குமார், ஏதாவது காணாமல் போயிருக்க வேண்டும் என்ற ஆசையோடு.

“எதுவும் காணாமப் போகலை. வச்சது வச்ச இடத்துலயே இருக்கு. ஆனா வெளியே போயிடுச்சு.”

கூடத்தில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அகிலாண்டம் நிமிர்ந்து பார்த்தார். காவல்துறையின் கைரேகைப் பிரிவில் முப்பத்தோரு வருடம் உட்கார்ந்து எழுந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் எதையும் சட்டென்று தொடுவதில்லை, முதலில் பார்ப்பார். “உட்காரும்மா. முதல்ல தண்ணி குடி. அப்புறம் சொல்லு,” என்றார்.

ராஜஸ்ரீ தண்ணீர் குடிக்கவில்லை. பேசத் தொடங்கிவிட்டாள். சோழவந்தானைச் சுற்றியுள்ள இருபத்திரண்டு வெற்றிலைக் கொடிக்கால்களில் இலை எடுத்து, அதில் பூச்சிமருந்து எவ்வளவு தங்கியிருக்கிறது என்று பார்ப்பது அவளுடைய ஆராய்ச்சி. தொடங்கும் முன்பே, எந்தத் தகவல் எங்கே இருக்கும், யார் பார்க்கலாம், முடிவில் எதை உலகத்துக்குத் திறந்துவிடுவது என்று திட்டம் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. ஆராய்ச்சிக்கு நிதி கொடுத்தவர்களின் நிபந்தனை அது. அந்தத் திட்டத்தைப் படித்துவிட்டுப் பேராசிரியரே பாராட்டினார். விவசாயிகளின் பெயர்கள் ஒரே ஒரு நோட்டில்; நோட்டு இரும்பு அலமாரியில். கம்ப்யூட்டரில் ஒன்று முதல் இருபத்திரண்டு வரை வெறும் எண்கள். ஆராய்ச்சி முடிந்ததும் அந்த எண்களின் அட்டவணை மட்டும் யாரும் பார்க்கும்படி இணையத்தில் ஏறியது.

“இருபத்தொரு இடத்துல அளவு சரியா இருந்தது. பதினேழாம் எண்ல மட்டும் அதிகம். அது மாயக்காள்ங்கிற அம்மாவோட கொடிக்கால். போன மாசம் பேப்பர்ல, சோழவந்தான் பக்கம் ஒரு கொடிக்கால்னு மட்டும் வந்துது. இருபத்தஞ்சு நாள் முன்னாடி பேயாண்டின்னு அந்த ஊர் இலை வியாபாரி, அந்த அம்மா முகத்துக்கு நேரா, ‘உன் இலை மூணு புள்ளி எட்டு, நான் எடுக்க மாட்டேன்’னு சொல்லிட்டார். அப்புறம் யாருமே எடுக்கலை. இலை கிள்ள ஆளும் வரலை. நேரத்துக்குக் கிள்ளாம விட்டா கொடியே வீணாயிடும் மேடம்.”

ராஜஸ்ரீ தண்ணீர் டம்ளரைத் தள்ளி வைத்தாள். “இலை எடுக்கப் போன அன்னைக்கு, ‘எம்பேரு வராதுல்ல தாயி?’ன்னு கேட்டாங்க. வராதுன்னு சொன்னேன். என்ன மருந்து அடிச்சாங்கன்னு கூட ஒளிக்காம சொன்னாங்க, என்னை நம்பி.”

“யார் மேல சந்தேகம்?” என்றார் அகிலாண்டம்.

“அலமாரியோட இன்னொரு சாவி சோலை அண்ணன்கிட்ட இருக்கு. எங்க துறையில உதவியாளர். பேயாண்டிக்கு மச்சினன் முறை. நேத்து அவர் மேல புகார் எழுதிக் கொடுத்துட்டேன். வேலைக்கு வர வேண்டாம்னு சொல்லிட்டாங்க. அவர்தான்னு நீங்க நிரூபிச்சுட்டா, பேயாண்டிகிட்டப் பேசி, அந்த அம்மா இலையைத் திரும்ப எடுக்க வச்சுடலாம்.”

“முடிஞ்சு போச்சு அக்கா,” என்று செல்வக்குமார் கையைத் தட்டினார். “சாவி இருக்கு, சொந்தக்காரன் இருக்கான். வேற என்ன வேணும்?”

“அலமாரியைப் பார்க்கணும்,” என்றார் அகிலாண்டம்.

ஆய்வுக்கூடத்தில் அலமாரிப் பூட்டில் ஒரு கீறலும் இல்லை. செல்வக்குமார் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு அலமாரியைச் சுற்றிச் சுற்றி வந்தார். அகிலாண்டம் அந்தப் பக்கமே திரும்பாமல் நோட்டைப் பிரித்துப் பதினேழாம் எண்ணுக்குப் போனார். மாயக்காள், பக்கத்தில் 4.2.

“மூணு புள்ளி எட்டுன்னு சொன்னியே?”

“முதல்ல நாலு புள்ளி ரெண்டு வந்துது. சந்தேகப்பட்டு மறுபடி பண்ணினப்போதான் மூணு புள்ளி எட்டு. கம்ப்யூட்டர்ல மட்டும் திருத்தினேன். நோட்டுல திருத்த விட்டுப்போச்சு.”

அகிலாண்டம் நோட்டை மூடினார். “இணையத்துல ஏத்தின அட்டவணையைக் காட்டு.”

திரையில் மூன்றே நெடுவரிசைகள்: எண், இலை எடுத்த தேதி, மருந்தின் அளவு. பெயர் இல்லை, ஊர் இல்லை, சர்வே எண் இல்லை. பதினேழாம் எண்ணுக்கு எதிரே போன வருடம் பிப்ரவரி ஒன்பது, 3.8. அதைக் காட்டும்போது ராஜஸ்ரீக்கு அந்த நிலைமையிலும் கொஞ்சம் பெருமை வந்தது. அகிலாண்டம் வெகுநேரம் பார்த்துவிட்டு, “சோழவந்தானுக்குப் போய்ட்டு வரலாம்,” என்றார்.

செல்வக்குமாரின் பழைய காரில் போனார்கள். வழியெல்லாம் அவர் சோலை எப்படி நோட்டைப் படம் எடுத்திருப்பார், எந்த நிமிடத்தில் எடுத்திருப்பார் என்று கண்ணால் கண்டதைப் போலச் சொல்லிக்கொண்டு வந்தார். ராஜஸ்ரீயும் தலையாட்டிக்கொண்டு வந்தாள். அவளுக்கு அது வேண்டியிருந்தது.

செருப்பை வெளியே விட்டுவிட்டுக் கொடிக்காலுக்குள் நுழைந்தபோது, அகத்தி நிழலில் மாயக்காள் தனியாக நின்றிருந்தார். இலைகள் முற்றிக் கருத்துத் தொங்கின. ராஜஸ்ரீயைப் பார்த்ததும் அவர் கோபப்படவில்லை. அதுதான் இவளுக்குத் தாங்கவில்லை.

“வா தாயி. இன்னைக்கு எம்முறை. விடிஞ்சதுல இருந்து பாக்குறேன், ஒரு ஆளு வரல.”

“முறைன்னா?” என்று அகிலாண்டம் கேட்டார்.

“கிள்ளுறதுக்கு ஊருக்கே ஒரே செட்டு ஆளுகதேன். இன்னைக்கு எங்கொடிக்கா, நாளைக்கு ஒச்சாயிது, அடுத்து அன்னக்கொடிது. இருபத்திரண்டும் முடிஞ்சா திரும்ப மொதல்ல இருந்து. ஒரு முறை விட்டா அம்புட்டுத்தேன், இலை முத்திப் போகும்.”

“இந்தப் பொண்ணு இலை எடுக்க என்னைக்கு வந்துது?”

“கிள்ளுற அன்னைக்குத்தேன். மத்த நாள்ல வெளியாள உள்ள விடுறதில்லைல. எல்லாருமே அப்பிடித்தேன் வரச் சொன்னோம்.” பிறகு தானாகவே சொன்னார்: “கடைக்காரன் குடுத்த மருந்தத்தேன் அடிச்சேன் அம்மா. இந்தப் பிள்ள கூடாதுன்னு சொன்னதுக்கப்புறம் தொடவே இல்ல. ஒரு வருசமாச்சு. இத யாருகிட்டப் போயிச் சொல்ல?”

பேயாண்டியின் இலைக் கமிஷன் கடை ரயிலடிக்குப் பக்கத்தில் இருந்தது. வாசலில் கால் வைத்ததும் ராஜஸ்ரீ, “சோலை அண்ணன்!” என்று முணுமுணுத்தாள். “பாத்தீகளா!” என்றார் செல்வக்குமார் அவள் காதருகே. கடைக்குள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் சோலை.

ராஜஸ்ரீக்கு ஒரு கணம் சந்தோஷமாகவே இருந்தது. பேயாண்டி வாயைத் திறந்ததும் அது போய்விட்டது.

“நீங்களும் மாயக்காவுக்காக வந்தீகளா? இந்தா, எம்மச்சினனும் நேத்துல இருந்து இதையேதேன் கேட்டுக்கிட்டு இருக்கான். அந்தப் பொம்பள இலைய எடுங்க மாமான்னு.”

சோலை யாரையும் பார்க்காமல் தரையைப் பார்த்தார். அகிலாண்டம் சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தினசரி நாட்காட்டி அல்ல. மாதத்துக்கு ஒரு தாள் உள்ள பெரிய நாட்காட்டி. ஒவ்வொரு தேதிக் கட்டத்திலும் பேனாவால் ஒரு பெயர். அதே ஆணியில் அடியில் போன வருடத்து நாட்காட்டியும் தொங்கியது.

“எடுத்துப் பார்க்கலாமா?”

“பாருங்க. வண்டி எந்தக் கொடிக்காலுக்குப் போகணும்னு குறிச்சு வச்சது.”

அகிலாண்டம் போன வருடத்து நாட்காட்டியில் பிப்ரவரித் தாளைப் புரட்டி, ராஜஸ்ரீயின் முன்னால் நீட்டினார். விரலை மட்டும் தாளில் படாமல் ஒன்பதாம் தேதிக்கு மேலே நிறுத்தினார். கட்டத்துக்குள் ‘மாயக்கா’ என்று எழுதியிருந்தது.

ராஜஸ்ரீ படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். செல்வக்குமார் எட்டிப் பார்த்துவிட்டு, “அப்ப சோலை?” என்றார்.

“சோலை நோட்டைப் பார்த்துச் சொல்லியிருந்தா ஊர்ல நாலு புள்ளி ரெண்டுன்னுதான் பேசியிருப்பாங்க,” என்றார் அகிலாண்டம். “நோட்டுல அதுதானே இருக்கு. ஊர்ல பேசினது மூணு புள்ளி எட்டு. அது அட்டவணையில மட்டும்தான் இருக்கு. அப்போ பூட்டு, சாவி, அலமாரி எல்லாத்தையும் நாம விட்டுடலாம். அட்டவணையில பேர் இல்லை. ஆனா தேதி இருக்கு. கிள்ளுற நாள்ல மட்டும்தான் இவளை உள்ளே விட்டாங்க. ஒரு நாளைக்கு ஒரு கொடிக்கால்தான் கிள்ளுவாங்க. இந்த ஊருக்கு அந்தத் தேதியே பேர்தான். பேயாண்டி, உங்களுக்கு யாராவது வந்து சொன்னாங்களா?”

“எனக்கு எதுக்கு ஒருத்தர் வந்து சொல்லணும்?” என்றார் பேயாண்டி. “பேப்பர்ல போட்டிருந்தத வச்சு எம்மகன் அந்த அட்டவணையப் போன்ல எடுத்துக் காட்டுனான். தேதியப் பாத்தேன், காலண்டரப் பாத்தேன். இந்தப் பிள்ள வந்தது எல்லாருக்கும் தெரியும்ல.”

“ஒரு பொம்பளையோட பிழைப்புங்க,” என்றாள் ராஜஸ்ரீ. தன் குரல் தனக்கே கெஞ்சலாகக் கேட்டது.

“நா மட்டும் சந்தோசமாவா சொன்னேன்? சோழவந்தான் இலையே வேணாம்னுட்டாக மதுரைக் கடைக்காரவுக. இருபத்தொரு குடும்பம் என்ன செய்ய? அந்த ஒண்ணு எதுன்னு சொன்னதுக்கப்புறந்தேன் மத்தவுக இலை வண்டி ஏறுச்சு.”

“இப்போ இலையில ஒண்ணும் இல்லை. நான் திரும்ப டெஸ்ட் பண்ணித் தாள் தர்றேன்.”

“குடுங்க. நா நம்புறேன். வாங்குறவன் நம்பணும்ல? போன தடவையும் நீங்க ஒரு தாளுதான குடுத்தீக.”

ராஜஸ்ரீ செல்வக்குமாரின் பக்கம் திரும்பி, அட்டவணையை இணையத்திலிருந்து எடுத்துவிட்டால் என்ன என்று கேட்டாள். அவர் போனைத் தட்டிப் பார்த்தார். முதல் தடவையாக அவர் முகத்தில் ஆர்வம் இல்லை.

“எடுத்துரலாம் மேடம். முன்னூத்திச் சொச்சம் பேரு ஏற்கெனவே இறக்கி வச்சிருக்காக. அவுக கையில இருக்குறத எப்பிடிப் புடுங்க?”

ராஜஸ்ரீ சோலையின் முன்னால் போய் நின்றாள். நாளைக்கே எழுதிக் கொடுத்து வேலைக்குக் கூப்பிட வைப்பதாகச் சொன்னாள்; மன்னிப்பும் கேட்டாள். சோலை எழுந்து நின்றார். “சாவி எங்கிட்ட இருந்துச்சுல்ல. யாரா இருந்தாலும் அப்பிடித்தேன் நெனப்பாக,” என்றார். நிமிர்ந்து அவளைப் பார்க்கவில்லை.

வெளியே வந்ததும் அவள் அகிலாண்டத்திடம் கேட்டாள்: “நான் எல்லாத்தையும் சரியாத்தானே மேடம் பண்ணினேன்? திட்டம் போட்டேன், பூட்டி வச்சேன். எங்கே தப்பு?”

“உன் திட்டத்தைப் படிச்சவங்க எல்லாரும் படிச்சவங்க. கிள்ளுறவங்க ஒருத்தர்கிட்ட காட்டியிருந்தா ஒரே நிமிஷத்துல சொல்லியிருப்பாங்க,” என்றார் அகிலாண்டம். பிறகு, “நானா இருந்தாலும் காட்டியிருக்க மாட்டேன்மா,” என்று சேர்த்துக்கொண்டார். “யாருன்னு கண்டுபிடிச்சுக் கொடுத்துட்டேன். அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியலை.”

மாயக்காளிடம் யார் சொல்வது என்ற பேச்சே எழவில்லை. ராஜஸ்ரீ தனியாகத்தான் நடந்து போனாள். மற்ற இருவரும் வரப்பில் நின்றுகொண்டார்கள்.

மாயக்காள் அகத்தி மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். “யாருன்னு தெரிஞ்சிருச்சா தாயி?”

“தெரிஞ்சுது. நான்தாம்மா.”

“நீயா? நீ எம்பேர எழுதலைன்னுல்ல சொன்ன?”

“பேர் எழுதலை. தேதி எழுதினேன். அதை வச்சே கண்டுபிடிச்சுட்டாங்க. எனக்கு அது தோணவே இல்லைம்மா. இனிமே அதை அழிக்கவும் முடியாது.”

திட்டுவார், இல்லாவிட்டால் அழுவார் என்று நினைத்து ராஜஸ்ரீ தலையைக் குனிந்துகொண்டாள். நிமிர்ந்து பார்த்தபோது மாயக்காளின் முகம் வெளிறிப் போயிருந்தது. கோபத்தில் அல்ல, பயத்தில்.

“ஐயையோ தாயி,” என்று ராஜஸ்ரீயின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “போன வெள்ளிக்கெழம கோயில்ல போயி, எம்பேரச் சொன்னது யாராயிருந்தாலும் வெளங்காமப் போகணும்னு காசு வெட்டிப் போட்டுட்டேனே. நீயின்னு எனக்குத் தெரியாதே. வெட்டின காச இனி எப்பிடி ஒட்ட வைக்க?”