வாசனை எழுதப்படாத காளான்

மூன்று பேர் முகர்ந்தார்கள். மூன்று பேரும் மூன்று வாசனை சொன்னார்கள். அதில் தப்பில்லை, மூக்குக்கு மூக்கு வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். ஒருத்தர் மாவு என்பதை இன்னொருத்தர் வெள்ளரிக்காய் என்பார். காட்டுக் காளான்களுக்குப் பெயர் வைத்து இனம் பிரிப்பதையே பிழைப்பாகக் கொண்ட அவளுக்கு அது தெரியாதா என்ன? அவளை உறுத்தியது வேறு. மூன்று பேரும் பொருளைச் சொல்லவில்லை. ஆளைச் சொன்னார்கள்.

முதலில் சொன்னவர் வண்டிக்காரர். ஆராய்ச்சி நிலையத்து வண்டியை ஓட்டுகிறவர், காளானை மிதித்துவிட்டால்கூடக் குனிந்து பார்க்காத மனுஷர். அன்று காலை காட்டுப் பாதையில் அவராகவே பிரேக் போட்டார், கதவைக்கூடச் சாத்தாமல் இறங்கி மரங்களுக்குள் நடந்தார். அவள் கூடையையும் கத்தியையும் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடிப் பார்த்தால், அழுகிய அடிமரம் ஒன்றின் பக்கத்தில் மண்டி போட்டிருந்தார். எதிரே மனிதத் தோல் நிறத்தில் காளான் குடைகள், ஒன்றோடொன்று தோள் உரசிக்கொண்டு.

"எங்க அண்ணன் சட்டை வாசனை, மேடம்," என்றார். "செத்துப் போனாரே, அந்த அண்ணன்." சிரித்துக்கொண்டே சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் புருஷன் முகர்ந்தார். அவர் ரொட்டி சுடுகிறவர். உலகத்தில் எந்த வாசனையையும் தன் அடுப்படிக்குள் கொண்டுவந்து அடைத்துவிடுவார். பழைய மாவு, கருகின சர்க்கரை, நனைந்த சாக்கு என்று சட்சட்டென்று சொல்கிறவர், இந்தத் தடவை கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். "நம்ம சிட்டு பொறந்தப்ப அவ உச்சந்தலை இப்படித்தான் இருந்துச்சு," என்றார்.

சிட்டு அவர்கள் மகள். முன்பல் இரண்டும் விழுந்த ஆறு வயது வாய். அவள் மேஜைமேல் தாடையை வைத்து முகர்ந்துவிட்டு, "அம்மா வாசனை," என்றாள்.

"அம்மா இங்கதானடி நிக்கிறேன்?"

"ஆமா. ஆனா இதுல நிறைய இருக்கு."

அம்மாவுக்குச் சுருக்கென்றது. சிரித்து மழுப்பிவிட்டாள்.

விஷயம் இதுதான்: அவளுக்கு வாசனை தெரியாது. ஒரு காய்ச்சல் வந்தது, போகும்போது மூக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டது. புருஷனைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது. தெரிந்தால் ஆச்சு, அவள் வேலை முடிந்தது. நூறு வருஷமாக ஒரே இனம் என்று எல்லாரும் நினைத்திருந்த காளானை மூன்று இனமாகப் பிரித்துக் காட்டியவள் அவள். கண்ணுக்கு மூன்றும் ஒன்றுதான், வாசனையை வைத்துத்தான் முதலில் சந்தேகப்பட்டாள். அப்படிப்பட்டவள் இப்போது மாதிரிகளை வீட்டுக்குக் கொண்டுவந்து, "என்ன வாசனைங்க, சரியா சொல்லுங்க," என்று புருஷனைக் கெஞ்ச வேண்டியிருந்தது. சொந்தப் பிள்ளையின் தலையைக்கூட இப்போது கன்னத்தால்தான் தெரிந்துகொள்கிறாள். அதை நினைத்தால் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுவாள்.

இந்தக் காளான் எந்தப் புத்தகத்திலும் இல்லை. குடையின் அடிமடிப்பு, தண்டு, வித்துத்தூளின் நிறம் எல்லாவற்றையும் எழுதி முடித்துவிட்டாள், வாசனை என்ற ஒரு வரி மட்டும் காலி. அந்த வரிக்காக அவள் என்ன செய்தாள்? புருஷனையும் பிள்ளையையும் திரும்பத் திரும்பக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். இன்னொரு தடவை முகருங்க. இன்னும் கிட்டப் போ, சிட்டு. நல்லா இழு. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான், போங்கள்.

மறுநாள் எல்லாவற்றையும் உலர்த்தும் பெட்டியில் அடுக்கினாள். பெயர் வைப்பதென்றால் காய்ந்த காளான் ஒன்று மாதிரியாக நிலையத்து அலமாரிக்குப் போக வேண்டும். வைக்கிற பெயர் அந்த உடம்போடு கட்டுப்பட்டது. வீட்டின் பின்னறையில்தான் பெட்டி இருந்தது, சூடான காற்றடிக்கிற சின்ன விசிறி ஒன்று உள்ளே முனகிக்கொண்டே இருக்கும். மழை பிடித்த அந்த நாட்களில் சமையலறை, கூடம், துணி காயப்போட்டிருந்த நடை என்று வீடு முழுக்க அந்த முனகல் தரை வழியாகக் காலுக்கு வந்துகொண்டிருந்தது. அது பழகிப்போனதால் நின்றபோது உடனே தெரிந்தது.

போய்ப் பார்த்தாள். சுவிட்ச் அணைந்திருந்தது. பெட்டிக் கதவு திறந்திருந்தது. உள்ளே சுருங்கித் தோலாகியிருக்க வேண்டிய குடைகள் கொழுகொழுவென்று, ஈரப் பளபளப்போடு, தட்டின் கம்பி இடுக்கு வழியாகக் கீழ்த் தட்டுக்கு இறங்கியிருந்தன. காய்ந்த காளான் தண்ணீர் பட்டால் உயிர் பெறும், அப்படிச் சில இனம் உண்டு. ஆனால் இங்கே ஏது தண்ணீர்?

புருஷன் தரையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நீங்களா அணைச்சீங்க?"

"சூடு தாங்காதுல்ல, பாவம்."

"கடைக்குப் போகலையா? மாவு புளிச்சுப் போயிருக்குமே?"

அவர் மூச்சை இழுத்தார். நீளமாக, மெதுவாக, உள்ளே இன்னும் இடம் இருக்கிறது என்பதுபோல இழுத்தார். வெளியே விடுவார் என்று அவள் காத்திருந்தாள். ஜன்னலில் மழை சொட்டியது. அவர் விடவேயில்லை. அவள் தோளைப் பிடித்து உலுக்கிய பிறகுதான் விட்டார், அதுவும் மனசில்லாமல்.

அவள் வண்டிக்காரருக்குப் போன் போட்டாள். எடுத்தது அவர் மனைவி.

"அவரு இல்லீங்க மேடம். முந்தாநேத்து காட்டுக்குப் போயிட்டு வரேன்னு நடந்தே போனாரு. நீங்கதான் வரச் சொன்னீங்கன்னு நெனைச்சேன்." பிறகு அந்தக் குரல் தாழ்ந்தது. "அவரோட அண்ணன் கூப்பிடுறாருன்னாரு. குடிச்சிருக்காரோன்னு விட்டுட்டேன். அவரு எங்கதான் இருக்காரு மேடம்?"

அவள் போனை வைத்துவிட்டாள். புருஷனை வெளியே இழுத்துவிட்டுப் பின்னறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். நிலையத்துக்குச் சொன்னால் என்ன? வாசனை என்னவென்று கேட்பார்கள். ஏன் வீட்டுக்குக் கொண்டுபோனாய் என்பார்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டாள், பாவி. அந்த ஒரு ராத்திரியைத் தள்ளிப் போட்டதுதான் தப்பு.

விளக்குப் போடுகிற நேரம். சிட்டுவைக் காணோம். கட்டிலடியில் இல்லை, பீரோவுக்குப் பின்னால் இல்லை. நடையின் கோடியில், பூட்டிய கதவின் கீழ் இடுக்கில் மூக்கை ஒட்டி வைத்துக் குப்புறப் படுத்திருந்தாள். இருட்டில் அவள் பாவாடையின் வெள்ளைப் பூக்கள் மட்டும் தெரிந்தன, அவை மூச்சோடு ஏறி, ஏறி, ஏறி, இறங்காமல் நின்றன.

"அம்மா," என்றாள் பிள்ளை, கொஞ்சலாக.

"என்னடா கண்ணு? இங்க இருக்கேன்."

"உன்ன இல்ல."

அவள் பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டாள். அது அழவில்லை, உதைக்கவில்லை. பாரம்போல அவள் தோளில் கிடந்து, கதவைப் பார்த்துக்கொண்டே வந்தது. உச்சந்தலையில் மூக்கை வைத்து அழுத்தினாள். ஒன்றுமில்லை. முடி குத்தியது, அவ்வளவுதான். இந்தப் பாழாய்ப்போன மூக்கு ஒரு தடவை வேலை செய்யக்கூடாதா என்று வாய்விட்டே கேட்டாள்.

விடியும்வரை மகளை மடியில் கட்டிப் பிடித்தபடி கண்ணை மூடவில்லை. வெளிச்சம் வந்ததும் முடிவு செய்துவிட்டாள். பெயரும் வேண்டாம், புகழும் வேண்டாம். பிள்ளை பிழைத்தால் போதும். இருவரையும் படுக்கையறையில் விட்டு வெளியே தாழிட்டாள். பெட்டித் தட்டுகளை அப்படியே தூக்கிப் பின்கட்டில் இருந்த தகர டிரம்முக்குள் கவிழ்த்தாள். குறிப்புத் தாள்களையும் கிழித்துப் போட்டாள். மண்ணெண்ணெயை ஊற்றித் தீக்குச்சி கிழித்தாள்.

ஈரக் காளான் எரியுமா? புகைந்தது. கனமான வெள்ளைப் புகை, மேலே போகாமல் மதிலைத் தடவிக்கொண்டு பக்கத்து வீட்டுக் கொல்லைக்கும் அதற்கடுத்த கொல்லைக்கும் தெருவுக்கும் மெல்லப் படர்ந்தது. அவள் கண் எரிந்தது. முடிந்தது சனியன் என்று நெஞ்சில் கை வைத்தாள்.

ஒரு ஜன்னல் கொக்கி விழும் சத்தம்.

இன்னொன்று. பிறகு எதிர்வரிசையில் ஒன்று. மாடியில் ஒன்று. கதவுகள். செருப்பில்லாத கால்கள்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. புகைக்கு வாசனை உண்டு.

அட கடவுளே. மூக்குள்ள ஒருத்தி இதைச் செய்திருப்பாளா? தன் தலையில் மட்டுமா மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாள், தெருவுக்கே போட்டுவிட்டாள். வாளியைத் தேடினாள். காணோம். குழாய் எங்கே? 

மதிலுக்கு மேலே முகங்கள். பக்கத்து வீட்டு டெய்லரம்மா, வாயில் குண்டூசியோடு. பாதிக் கன்னம் சவரம் செய்த ஒரு ஆள், மறுபாதியில் நுரை வழிய. எல்லார் முகத்திலும் அதே சிரிப்பு. ரொம்ப நாள் கழித்து யாரையோ வாசலில் பார்த்த சிரிப்பு.

"வராதீங்க! ஐயோ, மூக்கை மூடுங்க!"

யாரும் அவளைப் பார்க்கவில்லை.

உள்ளே தாழ்ப்பாள் பெயரும் சத்தம். மரம் பிளந்தது. புருஷன் வெளியே வந்தார், மாவு பிசைகிற அந்தப் பெரிய கைகளில் ரத்தம். நெருப்பாய்ச் சுடுகிற டிரம்மை வெறுங்கையால் கட்டிப் பிடித்துக் கவிழ்த்தார். தோல் பொசுங்கியது, அவர் முகம் கோணக்கூட இல்லை. சாம்பலும் தணலும் மழை ஈரத்து மண்ணில் சரிந்தன. அவர் அதன் பக்கத்தில், வேலை முடிந்து வந்து படுக்கிற ஆள் மாதிரி, குப்புறப் படுத்தார்.

ஒவ்வொருவராக மதில் ஏறிக் குதித்தார்கள். தள்ளிக்கொள்ளவில்லை. இடம் விட்டு, இடம் விட்டுப் படுத்தார்கள். முகம் மண்ணில். மூச்சு இழுக்கும் சத்தம். இழுக்கும் சத்தம். இழுக்கும் சத்தம் மட்டும்.

"சிட்டு! சிட்டு, எங்கடி இருக்க?"

நடுவில் இருந்தாள். அப்பாவின் விலாவோடு ஒட்டி. வெள்ளைப் பூப்போட்ட பாவாடை. குதிகால் இரண்டும் வானத்தைப் பார்த்து ஆடிக்கொண்டிருந்தன, சந்தோஷமாக இருக்கும்போது ஆடுமே, அப்படி.

உடம்புகளை மிதித்துக்கொண்டு ஓடினாள். யாரும் வலி என்று சொல்லவில்லை. பிள்ளையின் இரண்டு அக்குளிலும் கை கொடுத்துத் தூக்கினாள்.

இடுப்பு வந்தது. தோள் வந்தது. கழுத்து நீண்டது.

முகம் வரவில்லை.

அவள் இன்னும் இழுத்தாள். மண்ணுக்கும் கன்னத்துக்கும் நடுவே நூல் நூலாக, வெள்ளையாக, ஏதோ விறைத்து நின்றது. அறவில்லை.

"விட்டுடும்மா, அம்மா கிட்ட வந்துடு, அம்மாடா," என்று கதறினாள்.

சிட்டுவின் குட்டிக் கை பின்னால் வந்தது. தடவித் தடவி அவள் மணிக்கட்டைக் கண்டுபிடித்தது. பிறகு, தூங்கும்போது மேலே விழுந்த யாரோ ஒருத்தரின் கையை விலக்குவதுபோல, அவள் விரல்களை ஒவ்வொன்றாக, பொறுமையாக, தன் உடம்பிலிருந்து பிரித்து எடுக்க ஆரம்பித்தது.