தடுப்பை அணைத்த மதியம்

அந்த மென்பொருளை இறக்கச் சொல்லி அவள் இன்னும் அழுத்தவே இல்லை. அதற்குள் அது கணினியில் வந்து உட்கார்ந்திருந்தது.

கை தவறிப் பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அந்தக் கையைப் பற்றி அவளுக்கு நல்ல எண்ணம் கிடையாது. பதினோரு வருடம் அலுவலகத்தில் படிவங்களைத் தட்டித் தட்டி, திரையில் எந்தக் கேள்வி வந்தாலும் படிக்கும் முன்பே ‘ஆம்’ அழுத்திப் பழகிய கை. செத்துப்போன மகளின் வீடியோக்கள் அத்தனையையும் போன மாதம் ஒரே அழுத்தில் அழித்ததும் அதுதான். அன்றிலிருந்து கணவன் அவளிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. துக்கத்தைச் சுமப்பதைவிடப் பெண்டாட்டியை வெறுப்பது அவனுக்குச் சுலபமாக இருந்தது. அழிந்ததை இந்த மென்பொருள் மீட்டுத் தருமாம். பாப்பா சிரிக்கிற ஒரு வீடியோ கிடைத்தால் போதும்.

அதைத் திறக்கக் கணினி மறுத்தது. ‘தயாரித்தவர் யாரென்று தெரியவில்லை. தடுக்கப்பட்டது.’ கூடத்து மின்விசிறியின் கறகறப்பையும், கணவன் செய்தித்தாள் புரட்டும் ஓசையையும், எங்கிருந்தோ வந்த ஈரத் துணி வாடையையும் பொருட்படுத்தாமல், அவள் பாதுகாப்பு அமைப்புகளுக்குள் போய் ஒவ்வொரு தடுப்பாகத் தேடி அணைத்தாள்.

“என்ன பண்ற?” கூடத்திலிருந்து கணவன் கேட்டான்.

“பாப்பா வீடியோவ எடுக்கப் பாக்குறேன்.”

“அழிக்கத்தான உனக்குத் தெரியும்.”

சுருக்கென்று தைத்தது. கண் கலங்கியது. கேள்விகள் வர வர அழுத்தினாள். ஆம். ஆம். கடைசியை அழுத்திய பிறகுதான் அதிலிருந்தது மண்டையில் ஏறியது. ‘வீட்டுக்குள் அனுமதிக்கவா?’

ஒரே ஒரு வீடியோ மீண்டிருந்தது. இன்றைய தேதி. இந்த நிமிடம்.

திறந்தாள். அவர்கள் வீட்டு வாசல் கதவு, ஒரு குழந்தையின் உயரத்திலிருந்து. கதவு தட்டப்பட்டது. திரையிலும். கூடத்திலும்.

“பாப்பா?” கணவனின் குரல். அத்தனை குழைவு.

திரையில் கதவு திறந்தது. அவன் மண்டியிட்டான். சிரித்தான். இரண்டு கைகளையும் நீட்டினான். பிறகு சிரிப்பு நின்றது. கைகள் நீட்டியபடியே இருந்தன.

கூடத்தில் ஏதோ பொத்தென்று விழுந்தது.

“என்னங்க?”



படம் நகர்ந்தது. காலியான நாற்காலி. தரையில் செய்தித்தாள். இந்த அறையின் கதவு.

அவள் திரும்பவில்லை. முடியவில்லை. திரையில் அவள் முதுகு. இன்னும் கிட்டத்தில். பின்கழுத்து மட்டும். அதிலிருந்த சின்ன முடிகள், யாரோ மூச்சு விட்டதுபோல் மெல்ல அசைந்தன.